பெயரும் வளவும்: சீ மொழி நிரல்களில் எல்லைப் பிழையும் மீள்வரையறைப் பிழையும்

ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய மாணவர் இருவர் அமர்ந்திருந்த காலம் நம் பழைய மாணவர் பலர்க்கு நினைவில் இருத்தல் கூடும். ஆசிரியர் இடாப்பை விரித்துச் 'சண்முகநாதன்' என அழைத்ததும் இரு குரல்கள் ஒருங்கே எழும்; வகுப்பிற் சிரிப்பெழும். மறுநாள் தொடக்கம் ஒருவர் 'க. சண்முகநாதன்' ஆவர், மற்றவர் 'வே. சண்முகநாதன்' ஆவர். ஆயின், ஒருவர் ஏழாம் வகுப்பிலும் மற்றவர் எட்டாம் வகுப்பிலும் இருப்பின் இவ்விடர் எழுவதில்லை. வகுப்பறைச் சுவரே அவ்விருவரையும் வேறுபடுத்திவிடுகின்றது. பெயர் ஒன்றாயினும் இடம் வேறாகலின் மயக்கம் இல்லை.

இச்சிறு செய்தியே இக்கட்டுரைப் பொருளின் வித்தாகும். இன்று மேல்வகுப்பு மாணவரும் பல்கலைக்கழகம் புகுந்த இளைஞரும் கணினிக்கு நிரல் எழுதக் கற்கின்றனர். அவருட் பலர் தொடக்கத்திற் பயிலும் மொழிகளுட் சீ என்பதும் ஒன்று. அம்மொழியிற் கைவைத்த சின்னாளிலேயே அவர்களை எதிர்கொள்ளும் இடர்கள் இரண்டு. அவர்கள் எழுதிய பெயரை 'அறியேன்' எனத் தொகுப்பான் மறுப்பது ஒன்று. அதே பெயரை 'முன்னரே அறிந்துளேன். மீண்டும் ஏன் கூறினை?' என வினவி நிற்பது மற்றொன்று. முன்னையது எல்லைப் பிழை. பின்னையது மீள்வரையறைப் பிழை. இவை தோன்றுமாற்றையும் தீருமாற்றையும் விளக்குதலே நம் நோக்கம். பொருள் புதிதாயினும் அதன் அடிப்படை பழையது. ஒரு பெயர் எங்கே பிறக்கின்றது, எதுவரை வழங்குகின்றது, எங்கே மறைகின்றது என்பதே அது.

எமது இழுக்கு ஒன்று

பிறர் பிழையை விளக்கப் புகுமுன் எமது பிழையைச் சொல்லுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன், தெஹிவளையில் நாம் வாழும் பகுதியிலுள்ள ஒரு சங்கத்திற்கு, உறுப்பினரின் ஆண்டுச் சந்தாக் கணக்கைப் பார்க்கும் நிரல் ஒன்றைச் சீ மொழியில் எழுதிக் கொடுத்தோம். சந்தா இரு வழியால் வரும். சிலர் காரியாலயத்திற் கையிற் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுவர். ஏனையோர் வங்கியில் வைப்பிலிடுவர். இரண்டையும் கூட்டிப் பார்த்து, தொகை சந்தாவிலும் குறைந்தால் நிலுவைக் கடிதம் அச்சிடவேண்டும். இதுவே நிரலின் பணி.

வங்கிப் பணத்தைக் கூட்டும் வரிகளை முதலில் எழுதினோம். அவ்வரிகளுக்குள்ளேயே 'செலுத்தியது' என்னும் மாறியையும் அறிவித்தோம். பின்னர் அவ்வரிகளுக்கு வெளியே, செலுத்திய தொகையைச் சந்தாவோடு ஒப்பிடும் வரியை எழுதியபோது, அப்பெயரை அறியேன் என்று தொகுப்பான் மறுத்தது. அப்போது இரவு பதினொரு மணி. மறுநாட் காலை கடிதங்கள் அச்சாகவேண்டும். ஆராய நேரமில்லை என எண்ணி, மேலே ஒரு வரியிற் 'செலுத்தியது' என்பதை மீண்டும் அறிவித்து, கையிற் கொடுத்த பணத்தை அதில் இட்டோம். உள்ளே இருந்த பழைய அறிவிப்பை நீக்க மறந்தோம். தொகுப்பான் வாயடங்கியது. நாமும் உறங்கச் சென்றோம்.

வங்கியிற் பணம் கட்டியோர் அனைவர்க்கும் நிலுவைக் கடிதம் சென்றது. மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வங்கிச் சீட்டுகளைக் கடித உறையொன்றில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து எம் வாயிலுக்கு வந்தார். 'தம்பி, நான் கட்டிய காசு எங்கே போயிற்று?' என்று மாத்திரம் கேட்டார். அவர் முகத்தில் நாம் கண்டது சினமன்று, நாணம். எவர்க்கும் கடன் வைத்தறியாத ஒருவர், தம் பெயர் கடன்காரர் பட்டியலில் ஏறியதைக் கண்ட நாணம். அவர்க்கு அன்று சொல்லத் தெரியாத விடையை ஈண்டுச் சொல்லுகின்றோம்.

எம் நிரலின் சாரம் பின்வருமாறு. மொழியின் சொற்களையும் தமிழெழுத்திற் பெயர்த்துத் தருகின்றோம். 'இன்ட்' என்பது முழுவெண் மாறியை அறிவிக்கும் சொல். 'இஃப்' என்பது 'இவ்வாறாயின்' எனப் பொருள்படுவது.

இன்ட் செலுத்தியது = கைப்பணம்();
{
    இன்ட் செலுத்தியது = 0;
    செலுத்தியது = செலுத்தியது + வங்கிப்பணம்();
}
இஃப் (செலுத்தியது < சந்தா) கடிதம்();

நெளிந்த அடைப்புக்குறிகள் இரண்டிற்கும் இடையே இருப்பது ஒரு வளவு என்க. வேலியடைத்த வளவினுள்ளே 'செலுத்தியது' எனப் புதிதாக ஒருவன் பிறந்தான். வங்கிப் பணம் முழுவதும் அவன் கையிற் சேர்ந்தது. மூடும் அடைப்புக்குறி வந்தவுடன் அவன் மறைந்தான். பணமும் அவனோடு மறைந்தது. வெளியே நின்றவன் அதே பெயருடைய வேறொருவன். அவன் கையில் இருந்தது கைப்பணம் மாத்திரமே. பெரியவரின் காசு அந்த மூடும் அடைப்புக்குறியில் மாண்டது.

இதிற் கருதத்தக்கது யாதெனில், மொழியின் விதிப்படி இந்நிரலிற் பிழையே இல்லை. தொகுப்பான் குறைகூறவில்லை, குறைகூறும் கடமையும் அதற்கில்லை. அது முதலிற் கூறிய குறையை நாம் ஆராயாது அடக்கினோம். அடக்கிய குறை, பேசாத பிழையாக உள்ளே புகுந்தது. தொகுப்பானின் வாயை அடைத்தல் வேறு. பிழையைத் திருத்துதல் வேறு. இக்கட்டுரை முழுவதும் நாம் வலியுறுத்த விழைவது இதுவே.

சீ மொழியும் அதன் வேலிகளும்

சீ மொழியை 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பார் ஆக்கினர். யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை 1973இல் இம்மொழியில் மீள எழுதப்பெற்றது. பிறையன் கேனிகனும் றிச்சியும் சேர்ந்தெழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. 1989இல் அமெரிக்க நியமமும், அதனைத் தொடர்ந்து உலக நியமமும் ஏற்பட்டன. பின்னர் 1999, 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் நியமம் புதுக்கப்பெற்று வந்துள்ளது. ஐம்பது ஆண்டு கடந்தும் இம்மொழி வாழ்கின்றது. ஆதலின் அதன் பழைய வழக்கும் புதிய வழக்கும் கலந்தே மாணவர் கையை அடைகின்றன. பிழைகள் சில இக்கலப்பாலும் எழுவன.

சீ மொழியிற் பெயர்களுக்கு நால்வகை எல்லைகள் உள. அவற்றுள் நமக்கு முதன்மையானவை இரண்டு. ஒன்று வளவெல்லை, மற்றொன்று கோப்பெல்லை. ஏனைய இரண்டையும் சுருங்கச் சொல்லி அமைவோம். தாவிச் செல்லுதற்கு இடும் அடையாளப் பெயர், ஒரு சார்பு முழுவதும் செல்லும். சார்பின் முன்னறிவிப்பில் வரும் பெயர், அவ்வறிவிப்போடு முடியும்.

வளவெல்லையை விளக்க வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதிகளின் ஒழுங்கைகளே போதும். காலி வீதியினின்று கடற்பக்கமும் உட்பக்கமும் ஒழுங்கைகள் பல பிரிகின்றன. ஒவ்வொன்றிலும் வீட்டிலக்கம் ஒன்றிலிருந்து தொடங்கும். '12ஆம் இலக்கம்' என்று மாத்திரம் எழுதிய கடிதத்தைத் தபாற்காரர் எவ்வீட்டிற் சேர்ப்பார்? ஒழுங்கைக்குள் நிற்பவர் '12ஆம் வீடு' என்றால், அவ்வொழுங்கையின் 12 என்றே கொள்ளப்படும். சீ மொழியின் வழக்கும் இதுவே. ஒரு பெயரைக் கண்டதும் தொகுப்பான் முதலில் அது வழங்கிய வளவினுள்ளே தேடும். அங்கில்லையேல் அதனைச் சூழ்ந்த வளவிலே தேடும். இவ்வாறு படிப்படியாக வெளியே வந்து, ஈற்றிற் கோப்பின் பரப்பிலே தேடும். உள்ளிருந்து வெளியே பார்க்கலாம். வெளியிருந்து உள்ளே பார்த்தல் இயலாது.

கோப்பெல்லை உடையது காலி வீதியைப் போன்றது. சார்புகள் அனைத்திற்கும் வெளியே அறிவிக்கப்பெற்ற மாறி, அறிவித்த வரியிலிருந்து கோப்பின் இறுதிவரை எல்லார்க்கும் தெரியும். 'அறிவித்த வரியிலிருந்து' என்பதை மாணவர் ஊன்றி நோக்குக. சீ மொழியை மேலிருந்து கீழாகவே தொகுப்பான் படிக்கின்றது. இருபதாம் வரியில் அறிவித்ததைப் பத்தாம் வரியில் அது அறியாது.

அறிவிப்பும் வரையறையும்

இனி, பிழைகளை அறியுமுன் இரு சொற்களின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். அறிவிப்பு என்பது 'இப்பெயருடையது ஒன்று உளது. அது இவ்வகையினது' எனச் சொல்லுதல். வரையறை என்பது அப்பொருளையே ஆக்கி, அதற்கு நினைவகத்தில் இடங்கொடுத்தல். கொழும்புத் தமிழ்ச் சங்கத்திற்கு வழிகாட்டும் பலகைகளைப் பத்து இடங்களில் நாட்டலாம். யாவும் ஒரே இடத்தைக் காட்டும்வரை தீங்கில்லை. ஆயின் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலுள்ள கட்டடம் ஒன்றே. அதனை இன்னோரிடத்தில் இரண்டாவதாகக் கட்டிவிட்டால், கடிதம் எங்கே செல்லும்? அறிவிப்புகள் பலவாகலாம், வரையறை ஒன்றே ஆகவேண்டும். மீள்வரையறைப் பிழை என்பது இவ்விதியை மீறியதன் பெயர். இவ்வளவில் நின்று பிழைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது: அறியாத பெயர்

'அன்டிக்ளேர்ட்' என்னும் சொல்லோடு வரும் பிழைச் செய்தி இது. இதற்குக் காரணங்கள் மூன்று. எழுத்துப் பிழை ஒன்று; சீ மொழியிற் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறாகலின் அவ்வேறுபாடும் இதனுள் அடங்கும். பயன்படுத்திய பின் அறிவித்தல் இரண்டாவது. வளவினுள் அறிவித்துவிட்டு வெளியே தேடுதல் மூன்றாவது. எமது இழுக்கிற்கு மூலம் இம்மூன்றாவதே.

சுற்றும் கட்டளையில் வரும் எண்ணி இவ்வகைக்குச் சிறந்த சான்று. போர்லண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட டேர்போ சீ என்னும் தொகுப்பான், தமிழகத்துக் கல்லூரிகளில் நெடுங்காலம் வழங்கியது. அதனைப் பின்பற்றிய பாடநூல்கள் எண்ணியைச் சார்பின் தொடக்கத்திலேயே அறிவிக்கும். 'போர்' என்னும் சுற்றுக் கட்டளையின் அடைப்பினுள்ளேயே எண்ணியை அறிவித்தலை 1999ஆம் ஆண்டு நியமமே அனுமதித்தது. அவ்வாறு அறிவித்த எண்ணி அச்சுற்றோடு மறையும். பழைய நூலிலிருந்து பாதியும் புதிய நூலிலிருந்து பாதியும் எடுத்தெழுதும் மாணவன், எண்ணியைச் சுற்றினுள் அறிவித்துவிட்டு, சுற்று முடிந்தபின் 'எத்தனை முறை சுற்றியது?' என அதனிடமே வினவுகின்றான். விடை சொல்ல அங்கு எவரும் இல்லை. திருத்தம் எளிது. சுற்றிற்குப் பின்னும் அதன் மதிப்பு வேண்டுமாயின், அறிவிப்பைச் சுற்றிற்கு மேலே கொண்டுசெல்க. உள்ளே உள்ளதை நீக்குக. 'நீக்குக' என்னும் ஈற்றுச் சொல்லை மறந்ததால் வந்த கேட்டை முன்னரே கூறினோம்.

இரண்டாவது: ஒரே வளவில் இருமுறை

ஒரே வளவினுள் ஒரு பெயரை இருமுறை அறிவித்தால் தொகுப்பான் உடனே மறுக்கும். ஒரு சார்பின் வரிகளைப் படியெடுத்து அதன் கீழேயே ஒட்டி, சில எண்களை மாத்திரம் மாற்றும் வழக்கத்தால் இது பெரிதும் நேர்கின்றது. ஒட்டிய பகுதியில் 'இன்ட்' என்னும் சொல்லை நீக்கிவிட்டால், அது அறிவிப்பாகாது மதிப்பிடுதல் ஆகிவிடும், பிழை தீரும். ஆயினும், அவ்விரு பகுதியும் ஒரே மாறியைப் பகிர்வது கருத்தா என்பதை ஆராய்ந்தே நீக்குதல் வேண்டும். முன்னைய பகுதியின் மிச்ச மதிப்பு பின்னைய பகுதியிற் புகுந்து கணக்கைக் கெடுத்தல் உண்டு.

இதன் கிளையொன்று, சார்பு ஏற்கும் அளபுருவின் பெயரையே அச்சார்பின் உள்ளே மீண்டும் அறிவித்தல். அளபுருவும் சார்பின் புறவளவும் ஒரே எல்லையைச் சேர்ந்தன. ஆகலின் இதுவும் பிழையே. வந்த விருந்தினனை வாயிலில் நிறுத்திவிட்டு, அவன் பெயரில் வேறொருவனை உள்ளே இருத்தினாற் போன்றது இது. உள்ளேயுள்ள அறிவிப்பை நீக்குதலே பெரும்பாலும் சரியான திருத்தம்.

கோப்பெல்லையிலோ ஒரு விலக்கு உண்டு. தொடக்க மதிப்பின்றி 'இன்ட் எண்ணிக்கை;' என ஒரே கோப்பில் இருமுறை எழுதினாலும் அவை ஒன்றாகவே கொள்ளப்படும். இரண்டிற்கும் மதிப்புக் கொடுத்தால் மாத்திரமே மீள்வரையறை ஆகும். இவ்விலக்கே அடுத்துக் கூறும் இடர் ஒன்றிற்கு மூலமாயிற்று.

மூன்றாவது: தலைப்புக் கோப்பால் வருவன

நிரல் பெருகப் பெருக அதனைப் பல கோப்புகளாகப் பிரிப்பது வழக்கம். அவற்றிற்குப் பொதுவானவற்றைத் தலைப்புக் கோப்பில் வைத்து, வேண்டுமிடத்து 'இன்க்ளூட்' என்னும் கட்டளையால் வருவிப்பர். அக்கட்டளை வேறொன்றும் செய்வதில்லை. தலைப்புக் கோப்பின் எழுத்தனைத்தையும் அவ்விடத்திற் படியெடுத்து வைக்கின்றது. இதனை உணர்ந்தார்க்கு வரும் இரு பிழைகளும் எளிதில் விளங்கும்.

ஒரே கோப்பினுள் ஒரு தலைப்புக் கோப்பு இருமுறை வந்துவிடல் முதலாவது. மாணவன் நேரே ஒருமுறை வருவிக்கின்றான். அவன் வருவித்த மற்றொரு தலைப்புக் கோப்பு அதனையே மீண்டும் வருவிக்கின்றது. உள்ளே 'மாணவர்' என்னும் கட்டமைப்பு வரையறுக்கப்பட்டிருப்பின் அது இருமுறை வரையறுத்ததாகும். 'றீடெஃபினிஷன்' எனத் தொகுப்பான் கூறும். ஒரே உள்ளடக்கமுடைய கட்டமைப்பை மீண்டும் வரையறுத்தலை 2024இல் வெளிவந்த நியமம் ஏற்கின்றது. ஆயினும் பழைய தொகுப்பான்கள் பல இன்னும் வழக்கில் உள்ளமையால், வாயிற்காவல் இடுதலே தக்கது. 'இப்பெயர் இன்னும் வரையறுக்கப்படவில்லையாயின், இப்போது வரையறுத்து உட்செல்க. இன்றேல் இறுதிவரை தாண்டுக' எனத் தலைப்புக் கோப்பின் முதலிலும் ஈற்றிலும் மூன்று வரிகளால் அமைப்பது அக்காவல். ஒவ்வொரு கோப்பிற்கும் காவற்பெயர் வேறாக இருத்தல் வேண்டும். ஒரு கோப்பைப் படியெடுத்து மற்றொன்றை ஆக்கியபோது காவற்பெயரை மாற்ற மறந்தால், இரண்டாங் கோப்பு உட்புகாமலே நின்றுவிடும். மாணவனோ அறியாத பெயர்ப் பிழையைக் கண்டு திகைப்பான்.

இரண்டாவது பிழையை வாயிற்காவலும் தடுப்பதில்லை. தலைப்புக் கோப்பினுள் ஒரு மாறியையே வரையறுத்துவிட்டு, அதனை மூன்று கோப்புகளில் வருவித்தால், மூன்று கோப்பும் தனித்தனியே பிழையின்றித் தொகுக்கப்படும். ஈற்றில் அவற்றை ஒன்றாக்கும் இணைப்பானே 'மல்ற்றிப்பிள் டெஃபினிஷன்' என மறுக்கும். திருத்தம் யாதெனில், தலைப்புக் கோப்பில் 'எக்ஸ்டேர்ன்' என்னும் சொல்லை முன்னிட்டு அறிவிப்பை மாத்திரம் வைத்து, வரையறையை ஏதேனும் ஒரே கோப்பில் வைத்தல். முன்னர்க் கூறிய வழிகாட்டிப் பலகையும் கட்டடமும் இவையே.

இவ்விடத்திற் பெரியோரும் வழுவினர் என்பதற்குச் சான்று உண்டு. தொடக்க மதிப்பில்லாத பொது மாறி பல கோப்புகளில் வந்தாலும், அவற்றை ஒன்றெனக் கொண்டு பொறுத்துக்கொள்ளும் வழக்கம் யூனிக்ஸ் உலகில் நெடுங்காலம் இருந்தது. போர்ட்றான் மொழியின் பொதுப்பரப்பு முறையை ஒட்டி வந்த வழக்கம் இது. ஜீ.சீ.சீ. என்னும் கட்டற்ற தொகுப்பானும் அவ்வாறே பொறுத்து வந்தது. 2020 மே மாதத்தில் வெளிவந்த அதன் பத்தாம் பதிப்பு அப்பொறுமையை இயல்பான நடத்தையினின்றும் நீக்கியது. நேற்றுவரை இணைந்த நிரல்கள் பல இன்று இணைய மறுத்தன. அப்பிழை நேற்றும் அங்கேயே இருந்தது. சொல்வார் இல்லாமையால் தெரியாதிருந்தது. அதே பத்தாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழெழுத்தால் நேரே பெயரிடும் வசதியும் வந்தமை நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

நான்காவது: முரண்பட்ட வகை

ஒரு சார்பை அறிவிக்காது அழைத்துவிட்டுக் கீழே வரையறுத்தால், பழைய வழக்கின்படி தொகுப்பான் அது முழுவெண்ணைத் தருவதென ஊகித்துக்கொள்ளும். கீழே அது பின்னவெண் தருவதாக இருப்பின், 'வகைகள் முரண்படுகின்றன' என்று குறைகூறும். ஒருமுறை மாத்திரமே எழுதியும் மீண்டும் எழுதியதாகப் பழி வருவது கண்டு மாணவர் திகைப்பர். முதலாவது அறிவிப்பை எழுதியது தொகுப்பானின் ஊகமே. இவ்வூகத்தை 1999ஆம் ஆண்டு நியமம் நீக்கிற்று. 2024இல் வெளிவந்த ஜீ.சீ.சீ. பதினான்காம் பதிப்பு, அறிவிக்காத சார்பை அழைத்தலையே இயல்பாகப் பிழையெனக் கொள்கின்றது. சார்பின் முன்னறிவிப்பைக் கோப்பின் மேலே எழுதுதலே இதற்கு மருந்து.

ஐந்தாவது: பேசாத பிழை

இதுகாறும் கூறியவை பேசும் பிழைகள். அவை நன்மை செய்வன. உள்வளவின் பெயர் புறவளவின் பெயரை மறைத்து நிற்பதே பேசாத பிழை. எம்மை நாணச் செய்ததும் அதுவே. மொழியில் இது அனுமதிக்கப்பட்டதாகலின் தொகுப்பான் தானாக எச்சரிப்பதில்லை. ஜீ.சீ.சீ. தொகுப்பானில் 'வோல்', 'எக்ஸ்றா' என முடியும் பொது எச்சரிக்கைகளை வேண்டினும் இது அவற்றுள் அடங்காது. 'ஷாடோ' என முடியும் எச்சரிக்கையைத் தனியே வேண்டுதல் வேண்டும். நிழல் என்பது அதன் பொருள், பொருத்தமான பெயரே.

இதனினும் நுண்ணியது ஒன்று உளது. உள்வளவில் 'இன்ட் செலுத்தியது = செலுத்தியது + 5;' என எழுதுவோர், வலப்பக்கத்துப் பெயர் புறவளவினதைச் சுட்டும் என்று கருதுவர். அவ்வாறன்று. ஒரு பெயரின் எல்லை அப்பெயரைச் சொல்லிய அக்கணமே, சமக்குறிக்கும் முன்னரே, தொடங்கிவிடுகின்றது. ஆகலின் வலப்பக்கத்திலிருப்பதும் புதிதாய்ப் பிறந்த, இன்னும் மதிப்பேற்காத அம்மாறியே. விளைவு யாதாகும் என எவராலும் சொல்ல இயலாது.

வேலிகளுக்கு அடங்காதன சிலவும் உள. 'டிஃபைன்' என்னும் கட்டளையால் இடும் பெயர், அடைப்புக்குறிகளை மதியாது, இட்ட வரியிலிருந்து கோப்பின் இறுதிவரை செல்லும். சார்பினுள்ளே இட்டாலும் அது சார்போடு முடிவதில்லை. கட்டவிழ்ந்த ஆடு எவ்வேலியையும் தாண்டுமாப்போல, அது பிறர் வளவிலும் மேயும். அத்தகைய பெயர்களைப் பெரிய எழுத்தால் எழுதும் மரபு, மாறிகளோடு மயங்காமைப் பொருட்டு ஏற்பட்டதாகும்.

கொழும்பிற் செய்ததோர் எடுத்துக்காட்டு

கணினிக் கல்வி இந்நகரிற் புதிதன்று. பேராசிரியர் வீ. கே. சமரநாயக்கவின் முயற்சியால் 1987இற் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் ஏற்பட்டது. 2002இல் அது பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியாக விரிந்தது. இவ்வாறு வளர்ந்த சூழலிலிருந்து உலகிற்குச் சென்ற ஆக்கங்களுள் ஒன்று, அப்பாச்சி மன்றத்தின் 'அக்சிஸ்2 சீ' என்னும் வலைச்சேவை இயந்திரம். முழுவதும் சீ மொழியிலானது. ஆக்கியோருட் பெரும்பாலோர் இலங்கையர். அதன் முதலாம் பதிப்பு 2007இல் வெளிவந்தது.

அதன் மூலத்தைத் திறந்து நோக்குவார்க்கு முதலிற் கண்ணிற் படுவது பெயர்களின் ஒழுங்கு. பொதுக் கருவிச் சார்புகள் யாவும் 'ஆக்ஸ்யூட்டில்' என்றே தொடங்கும். ஆவண மரத்தைக் கையாள்வன 'ஆக்ஸியம்' என்று தொடங்கும். ஏனையவற்றுட் பல 'அக்சிஸ்2' என்று தொடங்கும். இஃது அழகிற்காகச் செய்ததன்று. சீ மொழியில் இணைப்பான் காணும் பொதுப் பெயர்கள் யாவும் ஒரே வெளியில் நிற்பன. இருவேறு நூலகங்கள் 'உருவாக்கு' எனத் தத்தமக்கு ஒரு சார்பை வைத்திருந்தால், இரண்டையும் சேர்க்கப் புகுவான் இடர்ப்படுவான். ஆதலின் அவர்கள் ஒவ்வொரு பெயர்க்கும் குடிப்பெயரை முன்னிட்டனர். 'க. சண்முகநாதன்', 'வே. சண்முகநாதன்' எனப் பிரித்த ஆசிரியரின் உபாயமே இது.

பழைய காலத்தில் இவ்வுபாயமும் முழுதும் பயன்படவில்லை. 1989ஆம் ஆண்டு நியமம், பொதுப் பெயரின் முதல் ஆறு எழுத்துகளையே இணைப்பான் நோக்கினாற் போதும் என இடமளித்தது. அத்தகைய இணைப்பானுக்கு முதல் ஆறு எழுத்தும் ஒத்த இரு நீண்ட பெயர்கள் ஒன்றே. 1999ஆம் ஆண்டு நியமம் அதனை முப்பத்தொன்றாக உயர்த்தியது. இன்றைய மாணவர் நீண்ட பெயர் வைக்க அஞ்சவேண்டியதில்லை.

வெளியே தெரியவேண்டாத சார்பையும் மாறியையும் 'ஸ்டாட்டிக்' என்னும் சொல்லை முன்னிட்டு அக்கோப்போடு நிறுத்தலாம். அப்போது வேறு கோப்பில் அதே பெயர் வந்தாலும் மோதல் இல்லை. ஏழாம் வகுப்புச் சண்முகநாதனும் எட்டாம் வகுப்புச் சண்முகநாதனும் போல அவை தத்தம் அறையில் வாழும்.

திருத்தும் முறை

இனி, பிழைச் செய்தி நாற்பது வரியாகத் திரையில் ஓடும்போது மாணவர் செய்யத்தக்கது யாது? முதற் பிழையையே முதலில் நோக்குக. பின்வருவனவற்றுட் பல அதன் பிள்ளைகள். அதனைத் திருத்தி மீண்டும் தொகுத்தால் நாற்பது நான்காகக் குறைதல் கண்கூடு. மீள்வரையறைப் பிழையிற் செய்தி இரு வரி எண்களைத் தரும்: இப்போது கண்ட இடம் ஒன்று, முன்னர்க் கண்ட இடம் மற்றொன்று. இரண்டையும் திறந்து பார்க்குமுன் ஓரெழுத்தையும் மாற்றற்க.

அவ்விரு இடங்களையும் கண்டபின் ஒரேயொரு வினாவை எழுப்புக: இவை ஒன்றா, இரண்டா? நாம் கருதிய பொருள் ஒன்றேயாயின், வரையறை ஒன்றை நிறுத்தி மற்றதை நீக்குக. வேறு கோப்பிலிருந்து அதனை அறியவேண்டின் அறிவிப்பை மாத்திரம் வைக்க. பொருள் இரண்டாயின் பெயரை வேறாக்குக; அன்றேல் இடத்தை வேறாக்குக. இவ்வினாவிற்கு விடை காணாது செய்யும் எத்திருத்தமும் திருத்தமன்று. எமது நிரலில், உறுப்பினர் செலுத்திய தொகை ஒன்றே. அதனை நாம் இரண்டாக்கினோம். உள்வளவிலிருந்த அறிவிப்பு வரி ஒன்றை நீக்கியதும் கணக்குச் சரியாயிற்று.

வருமுன் காப்பனவும் சில உள. மாறியை வேண்டிய மிகச் சிறிய வளவிலே அறிவிக்க. அறிவிக்கும்போதே மதிப்புங் கொடுக்க. எல்லார்க்கும் பொதுவான மாறி என்பது வாயிலற்ற வீடு. அதனை அருகியே கையாள்க. பொருள் விளங்கப் பெயரிடுக. 'அ', 'ஆ' எனப் பெயரிட்டோர்க்கே மயக்கம் மிகுதி. தலைப்புக் கோப்பிற்குக் காவலிடுக. எச்சரிக்கைகள் அனைத்தையும், 'ஷாடோ' உட்பட, முதல் நாளிலிருந்தே வேண்டிப் பெறுக.

இவற்றை அறிந்தபின், சங்கத்திலிருந்து திருத்தக் கடிதங்கள் சென்றன. பெரியவர்க்குரியதை நாமே கொண்டுசென்று கையிற் கொடுத்தோம். அவர் அதனை வாசித்துவிட்டு, 'ஒரு வரியா, தம்பி?' என வினவினார். 'ஒரு வரிதான் ஐயா' என்றோம். அவர் கடிதத்தை மடித்து, வங்கிச் சீட்டுகள் இருந்த அதே உறையில் வைத்துக்கொண்டார்.

நிரல் எழுதும் இளைஞர் நினைவிற் கொள்ளவேண்டியது அவ்வுறையே. மாறிகளுக்கு நாம் இடும் பெயர்களின் பின்னே மனிதரின் பெயர்கள் நிற்கின்றன. புள்ளிப் பட்டியலும், மருந்துக் கணக்கும், ஓய்வூதியமும் இன்று நிரல்களின் வழியே செல்கின்றன. தொகுப்பான் குறைகூறும்போது சினவாது செவிகொடுத்தலும், அது பேசாதிருக்கும்போது தாமே வினவுதலும் நம் மாணவர்க்கு வழக்கமாகுக. இடாப்பிற் பெயர் கண்டவுடன் முகத்தையும் நோக்கிய ஆசிரியர்களிடம் பயின்றோர்க்கு இது புதிய பாடமன்று.